பொடக்காளிப் பக்கம் பார்க்காதே

காலையில் இட்லி தின்றுகொண்டிருந்தபோது வலப்பக்க விலாவுக்குக் கீழே ஒருதரம் புரண்டது. அதற்கப்புறம் இல்லை. சுகந்தி அதை யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குப் பின்கொல்லையான பொடக்காளியைப் பார்த்த கதவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வயிற்றின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, மரங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொழுது சாயத் தொடங்கியிருந்தது. தூங்குகிறதாக இருக்கும். குழந்தைகள் வயிற்றுக்குள்ளும் தூங்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள். ஆனால் காலையிலிருந்து சாயங்காலம்வரைக்கும் ஒரு குழந்தை தூங்குமா? மத்தியானம் சர்க்கரை போட்டுப் பால் குடித்தாகிவிட்டது, இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தாகிவிட்டது, பானைத் தண்ணீரை மடமடவென்று குடித்தும் பார்த்தாகிவிட்டது. வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்களை வயிற்றோடு சேர்த்துக் குலுக்கினாள். வழக்கமாக அந்தச் சத்தத்துக்கு ஒரு உதை வரும். இன்றைக்கு வளையல்தான் குலுங்கியது. எட்டாம் மாதம் முடியப்போகிற வயிறு, அம்மிக்கல்லை மடியில் வைத்த மாதிரி, கனத்துக்கொண்டு சும்மா கிடந்தது. அவள் தலையை நிமிர்த்தினாள், எதிரே முருங்கை கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. மரம் என்று யாராவது சொன்னால் சிரித்திருப்பாள். தோளுக்கு மேலே ஒன்றும் இல்லை, கழுத்து இல்லை, தலை இல்லை, அடிமரத்திலிருந்து நேராகக் கைகள், ஒன்று முன்னால், ஒன்று பின்னால், ஒன்று வானத்தைப் பார்த்து. ஒரு கையிலும் விரல் கிடையாது. விரல் இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்து வெடித்த சாணி உருண்டை.

அந்த உருண்டைகளை அங்கே வைத்தது அத்தைதான். அத்தை என்றால் பாவாத்தாள், பூபதியைப் பெற்றவள், இவளுக்கு மாமியார். நல்ல மாமியார், அதில் ஒரு குறை சொல்ல முடியாது, அதுதான் வினையே. ஆறாம் மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் சுகந்தி இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இந்தக் குழந்தையும் போய்விடுமோ என்று கேட்டுவிட வேண்டும் போலிருந்தது, வாய்வரைக்கும் வந்துவிட்டது, ஆனால் அந்தப் பேச்சு இந்த வீட்டில் பேசக்கூடாத பேச்சு. அதை விழுங்கிவிட்டு, வேறு எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "அந்த முருங்கை மரத்தைப் பார்த்தா பயமா இருக்குங்க அத்தை, வீட்டுக்குள்ள எட்டிப் பார்க்கற மாதிரி இருக்கு" என்று சொல்லிவைத்தாள். அவ்வளவுதான். பாவாத்தாள் பதறிப்போனாள். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவள் எதைப் பார்த்துப் பயப்படுகிறாளோ அதன் சாயல் கருவில் ஒட்டிக்கொள்ளும் என்று அவளுக்கு நிச்சயம். விடிந்ததும் விடியாததுமாக மரம் வெட்டுகிற சென்னியப்பனைக் கூப்பிட்டு, காய்க்கிற மரமாச்சே என்றுகூடப் பார்க்காமல், மொட்டையாக வெட்டச் சொல்லிவிட்டாள். வெட்டுவாய் காய்ந்து மரம் பட்டுப்போகாமலிருக்க வழக்கம்போலச் சாணியை உருட்டி ஒவ்வொரு முனையிலும் அப்பினாள். "இனி எட்டிப் பார்க்குமாக்கும்!" என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்குத்தான் மரத்துக்குக் கை முளைத்தது. இலையும் பூவுமாக ஆடிக்கொண்டிருந்தவரைக்கும் அது முருங்கைதான், சுகந்தி சொன்னது பொய்தான். வெட்டி, அப்புறம் துளிர்த்ததையும் அத்தை கிள்ளிக் கிள்ளிப் போட்ட பிறகு நிஜமாகவே பயமாகிவிட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? இந்தப் பயத்தை உங்கள் கையாலேயே செய்து நட்டு வைத்திருக்கிறீர்கள் அத்தை என்று சொல்ல முடியுமா?

முருங்கையோடு போகவில்லை. ஒன்று வந்துவிட்டால் மற்றதற்கெல்லாம் துணிச்சல் வந்துவிடும் போலிருக்கிறது. கொய்யா மரம் ஒட்டகமாகிவிட்டது, முட்டி மட்டும் பெரிசாக வீங்கி, முன்னங்காலை மடக்கி எழுந்திருக்கப் பார்க்கிற ஒட்டகம், ஆனால் எழுந்திருக்கவே இல்லை, மாதக்கணக்காக எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. சீத்தா மரத்தில் காய்கள் எல்லாம் கண்கள். இமை இல்லாத, தோல் தடித்த, மூடவும் தெரியாத கண்கள். கிணற்று மேட்டுக்குப் பக்கத்தில் பட்டுப்போன ஒதிய மரத்தின்மேல் பீர்க்கங்கொடி போர்த்துக்கொண்டு கிடக்கிறதே, அது முக்காடு போட்ட ஒன்று, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவே தெரியாது, அதுதான் எல்லாவற்றிலும் மோசம். பார்க்காமல் இருக்கலாமே! நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டால் போச்சு. திருப்பிப் போட்டும் பார்த்தாள், முதுகில் கண் முளைத்து அதுவழியாகவும் அவை தெரிந்தன. அதைவிட நேரே பார்ப்பதே மேல். பார்த்துக்கொண்டிருந்தால் அதது அந்தந்த இடத்தில் நிற்கும். ஓசூரில் வேலையில் இருக்கிற பூபதியிடம் போனில் சொன்னபோது, "மேகத்துல யானை தெரியும் பாரு, அந்த மாதிரிதான், விடு" என்றான். மேகத்து யானை வேறு. மேகத்து யானை கலைந்து போய்விடும். மேகத்தைப் பார்த்து யாருக்கும் வயிறு கலங்கினதில்லை. ஆனால் அவனுக்கு எப்படித் தெரியும், இவள் அந்த மரங்களில் எதைத் தேடிக்கொண்டிருக்கிறாள் என்று? அவளுக்கே தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

வளையலைக் குலுக்கினாள். இல்லை. உள்ளங்கையை இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்தி வைத்தாள், ஏதோ துடித்தது, நெஞ்சு தூக்கிப்போட்டது, அது தன் கை நாடி. சே. ஓசூரில் அந்த முதல் குழந்தைக்கும் இப்படித்தான் ஒரு நாள் முழுக்கக் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது எதிரே மரம் இல்லை, பக்கத்து அடுக்குமாடியின் சுவர். பூபதி ஷிப்ட் முடிந்து வரட்டும் சொல்லலாம் என்று இருந்தாள். அவன் வந்தான், சொன்னாள், போனார்கள். பிறகு ஊசி, வலி, பச்சைத் துணித் திரை, காலடியில் யார் யாரோ. குழந்தை வந்ததும் அழும் சத்தம் கேட்க வேண்டிய இடத்தில் ஒரு ஆயாவின் குரல் கேட்டது. "அய்யோ" என்றாள் அவள். அவ்வளவுதான், ஒரே ஒரு அய்யோ. ராத்திரியோடு ராத்திரியாக ஊரிலிருந்து வந்து சேர்ந்த பாவாத்தாள்தான் துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டு போனாளாம். சுகந்தி, "காட்டுங்க, ஒருதரம் காட்டுங்க" என்று கேட்டாள், தலையைத் தூக்கக்கூட முடியாமல் கேட்டாள். பூபதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம் சுகந்தி, பார்த்தா உன்னால தாங்க முடியாது" என்றான். பார்த்தால் தாங்க முடியாதபடி என்ன இருந்தது? அந்த ஆயா எதைப் பார்த்து அய்யோ என்றாள்? உயிர் இல்லை என்பதற்கா? எத்தனை பார்த்திருப்பாள் அவள், அதற்கெல்லாமா அய்யோ என்பாள்? வேறு ஏதோ இருந்திருக்கிறது. கை இல்லையோ. விரல் இல்லையோ. கண் மூடாமல் இருந்ததோ. முட்டி வீங்கி, கால் மடங்கி... வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்து அத்தையிடம் தைரியமாகக் கேட்டேவிட்டாள், "எப்படி இருந்துச்சுங்க அத்தை?" பாவாத்தாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "அதையெல்லாம் எதுக்குக் கண்ணு கேக்கற? மறந்துரு. வெசனப்பட்டா ஒடம்புக்கு ஆகாது." மறப்பதற்கு முதலில் பார்த்திருக்க வேண்டாமா? பார்க்காத ஒன்றை எப்படி மறப்பது! அன்றிலிருந்து அந்தத் துண்டுக்குள் அவள் விதவிதமாக ஒன்றை வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். இந்தச் சாயங்காலத்து மிருகங்கள் எல்லாம் அதற்குள்ளிருந்து வந்தவைதான். அவள் வயிற்றில் பிறந்தவை. அப்படியானால் இதுவும்? இப்போது உள்ளே அசையாமல் கிடக்கிறதே, இதற்கு எத்தனை கை?

"சீ, வாயைக் கழுவு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாயைத் திறக்கவே இல்லை, மனதையல்லவா கழுவ வேண்டும்.

அந்த முதல் குழந்தை இந்த வீட்டில் பிறக்கவே இல்லை, அதுதான் வழக்கு. உயிரோடு பிறக்காததைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். வளைகாப்புக்கு வந்தவர்களிடம் பாவாத்தாள் "தலைச்சன்" என்றுதான் சொன்னாள், வந்தவர்களும் தெரிந்துகொண்டே தலையை ஆட்டினார்கள். அதுகூடப் போகட்டும். பெற்ற தாய் இல்லாத பெண்ணாச்சே, பிரசவத்துக்கு நம்ம வீட்டிலேயே இருக்கட்டும் என்று இங்கே அழைத்து வந்து, இந்த ஊர் ஆஸ்பத்திரியில் முதல்முதலாகக் காட்டப் போன அன்றைக்கு டாக்டரம்மா, "முதல் பிரசவமா?" என்று கேட்டாள். சுகந்தி வாயைத் திறப்பதற்குள், "ஆமாங்க, முதல்தானுங்க" என்று அத்தை சொல்லிவிட்டாள். டாக்டரம்மா எழுதிக்கொண்டாள். சுகந்தியும் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அப்போதே சொல்லியிருக்கலாம். அடுத்த தடவை சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் அத்தை பக்கத்தில் நின்றாள், நல்ல வார்த்தை நாலு சொல்லிக்கொண்டு, உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிற மாதிரி இவளைப் பார்த்துக்கொண்டு. அந்த முகத்தைப் பொய்யாக்க மனம் வரவில்லை. ஆக, இங்கே இருக்கிற டாக்டரம்மாவுக்குச் சுகந்தி ஒரு சாதாரணத் தலைப்பிரசவக்காரி, லேசாகப் பயந்த சுபாவம், அவ்வளவுதான். "தலைச்சன்னா கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்மா, பயப்படாதே" என்று முதுகில் தட்டி அனுப்புவாள். இன்றைக்குப் போனாலும் அதையேதான் சொல்வாளோ? தட்டி அனுப்பிவிட்டால்? ஓசூரில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன் என்று யாருக்குத் தெரியும் இங்கே, இந்த மரங்களைத் தவிர?

"ஏங் கண்ணு, மறுபடியும் அங்கயே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கியா?" பாவாத்தாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தாள். "பொடக்காளிப் பக்கம் பார்க்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? எந்திரிச்சு உள்ள வா. வெளக்கு வெக்கப் போறேன்."

சொல்ல வேண்டும். இப்போதே. "அத்தை" என்றாள் சுகந்தி.

"சொல்லு சாமி."

"அந்த... அந்த மருதாணிச் செடி இருக்குதுங்களே, அது கரடி குந்த வெச்சிருக்கற மாதிரி இருக்குங்க."

பாவாத்தாள் திரும்பி மருதாணியைப் பார்த்தாள், உண்மையிலேயே அக்கறையோடு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு. "இருக்கே. நாளைக்கே சென்னியப்பனை வரச் சொல்லி அதையும் கழிச்சுப் போடறேன். நீ அதுக்கா மூஞ்சியை இப்படி வெச்சிருக்கற? எந்திரி, எந்திரி. நல்ல நேரத்துல நல்லதை நெனை" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். சுகந்திக்குச் சிரிப்பு வந்தது. இனி மருதாணியும் போகும். அப்புறம் கொய்யா. அப்புறம் சீத்தா. ஒவ்வொரு சாயங்காலமும் இவள் ஒரு மரத்தைக் காட்டிக் கொடுப்பாள், மறுநாள் காலையில் அது விழும், கடைசியில் பொடக்காளி முழுக்க வெட்டவெளியாகி, கிணறும் மதிற்சுவரும் மட்டும் நிற்கும், அப்போதும் இவள் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், காட்டுவதற்கு ஒரு மரம் இருக்காது, வயிறு இப்படியே இருக்கும். பாவம் மரங்கள், அவை என்ன செய்தன! இருட்டு அடியிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. ஒட்டகத்தின் முட்டிவரைக்கும் வந்துவிட்டது. கண்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே கண்ணாகிவிட்டன. முக்காடு மட்டும் இருந்த இடத்தில் இல்லை, கொஞ்சம் முன்னால் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. காற்று அடித்தால் இவை அசையும். இவை அசைந்தால் உள்ளே இருப்பதும் அசையும், அப்படி வைத்துக்கொள்வோம், ஒரு பேச்சுக்கு. முருங்கையே, ஒரு கையை ஆட்டு, உனக்குக் கும்பிடு போடுகிறேன். காற்று இல்லை. ஒரு இலைகூட ஆடவில்லை. இலை எங்கே இருக்கிறது அதற்கு, அதைத்தான் வெட்டியாகிவிட்டதே. எழுந்திரு சுகந்தி. எழுந்திருந்து உள்ளே போய்ச் சொல். ஆனால் விளக்கு வைக்கிற நேரம். இந்த நேரத்தில் சாமிகள் வீட்டுக்கு மேலாகப் போய்க்கொண்டிருக்கும், நாம் என்ன சொன்னாலும் அப்படியே ஆகட்டும், அப்படியே ஆகட்டும் என்று சொல்லிக்கொண்டே போகும், அதனால் கெட்ட வார்த்தை வாயில் வரக்கூடாது என்பாள் அத்தை. அரிசி தீர்ந்துவிட்டது என்றுகூட இந்த நேரத்தில் சொல்ல விட மாட்டாள், நிறைந்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் இந்த நேரத்தில் போய் எதைச் சொல்வது! விளக்கு வைத்து முடியட்டும். அரை மணி நேரம் கழித்துச் சொன்னால் என்ன? என்னவா? ஓசூரிலும் இதைத்தானே நினைத்தாய், பாவி, ஷிப்ட் முடிந்து வரட்டும் என்று? வயிற்றுக்குள் இருக்கிறதற்கு விளக்கு தெரியுமா, ஷிப்ட் தெரியுமா? அது எப்படி இருந்தால் என்ன! பத்துக் கை இருக்கட்டும், மூடாத கண் இருக்கட்டும், முட்டி வீங்கி இருக்கட்டும், எந்த உருவமாகவும் இருந்துவிட்டுப் போகட்டும், அசைந்தால் போதும், எனக்கு அது போதும்.

நாற்காலியின் கைப்பிடியை அழுத்தி எழுந்தாள். கால் மரத்துப் போயிருந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சாமி அறையில் பாவாத்தாள் திரியை நிமிண்டிவிட்டுத் தீக்குச்சியை உரசியிருந்தாள்.

"அத்தை, வயித்துல அசைவே இல்லைங்க. காலையில இருந்து இல்லைங்க."

"வெளக்கு வெக்கற நேரத்துல என்ன பேச்சு..." என்று தொடங்கின பாவாத்தாள் திரும்பினாள். சுகந்தியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பார்த்தாள். குச்சி எரிந்து விரல்வரைக்கும் வந்து சுட்டது, அதை உதறினாள். "காலையில இருந்தா?" என்றாள். "காலையில இருந்தா கண்ணு? அடி என்ற தாயே, அப்பவே சொல்றதுக்கென்ன!" விளக்கு எண்ணெயும் திரியுமாக அப்படியே கிடந்தது. அந்த அம்மாள் அப்படி ஓடி சுகந்தி பார்த்ததில்லை. மதிற்சுவரின்மேல் எட்டி, "ராசாமணீ! காரை எடு சாமி, சீக்கிரம் எடு!" என்று கத்தினாள். பக்கத்து வீட்டு ராசாமணி சட்டையைப் போட்டுக்கொண்டே வந்து வண்டியை எடுத்தான். வழியெல்லாம் ரெண்டு பக்கமும் புளியமரங்கள். ஒவ்வொன்றும் விளக்கு வெளிச்சத்தில் ஒரு முகத்தைக் காட்டிவிட்டுப் போயிற்று. சுகந்தி கண்ணை மூடிக்கொண்டாள். அத்தையின் கை இவள் கையைப் பிடித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன நர்ஸ், பிள்ளை மாதிரி இருந்தாள், வயிற்றில் குளிர்ச்சியாக எதையோ தடவி, கருவியை வைத்து அழுத்தினாள். கரகரவென்று சத்தம். நகர்த்தினாள். கரகர. இன்னும் கீழே. சுகந்தி மூச்சு விடவில்லை. மூடின கண்ணுக்குள் முருங்கையும் கொய்யாவும் சீத்தாவும் வரிசையாக வந்து கட்டிலைச் சுற்றி நின்றன. முக்காடு போட்டது தலைமாட்டில் வந்து நின்றது. ஐயோ, சீக்கிரம், சீக்கிரம். கருவி மறுபடியும் நகர்ந்தது, நின்றது. டுப்டுப், டுப்டுப் என்று அது ஓடியது. உள்ளே யாரோ அவசரமாக எங்கேயோ ஓடுகிற சத்தம்.

"இருக்கும்மா, துடிப்பு இருக்கு" என்றாள் நர்ஸ். உடனே அவள் முகம் கொஞ்சம் மாறியது. "இருக்க வேண்டிய வேகத்துக்குக் கொஞ்சம் மெதுவா இருக்கு. டாக்டரம்மாவைக் கூப்பிட்டிருக்கேன், வந்துட்டிருக்காங்க. இன்னைக்கே எடுக்கணுமான்னு அவங்கதான் பார்த்துச் சொல்லணும்." துணியால் வயிற்றைத் துடைத்தாள். "முதல் பிரசவம்தானே?"

சுகந்தி வாயைத் திறந்தாள்.

"இல்லைம்மா" என்றாள் பாவாத்தாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "நான்தான் மாத்திச் சொல்லிப்போட்டேன். இது ரெண்டாவது. முதல்ல ஒண்ணு, ஓசூர்ல. இதே மாதிரி அசைவு நின்னு போச்சு. செத்துத்தான் பொறந்துச்சு."

"அய்யோ, இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" நர்ஸ் வேகமாகப் பேசினாள். "குழந்தைக்கு ஏதாவது குறை இருந்துச்சா? கை கால், தலை, உருவத்துல ஏதாவது?"

"ஒரு குறையும் இல்லைம்மா. பொம்பளப் புள்ளை. முழுசா இருந்துச்சு. கை, காலு, வெரலு எல்லாம், நான் ஒவ்வொண்ணாத் தொட்டுப் பார்த்தேன். சின்னதா மூக்கு, இவ மூக்கேதான். தூங்கற மாதிரி இருந்துச்சு. அதைப் பார்த்துட்டுத்தான் அந்த ஆயாகூட அய்யோ இப்படி ஒரு புள்ளை போச்சேன்னு அழுதா. அத்தனை லட்சணம். தலை நெறைய முடி."

நர்ஸ் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். பாவாத்தாள் இவளைப் பார்க்க முடியாமல் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முடி சுருட்டையாங்க அத்தை?" என்று கேட்டாள் சுகந்தி.

"இல்ல கண்ணு. நேர் முடி. ஈரமா நெத்தியில வந்து விழுந்து கெடந்துச்சு" என்றாள் பாவாத்தாள். "நான்தான் ஒதுக்கி விட்டேன்."